குழந்தை தள்ளிப்போவது ஏன்? காரணத்தை எந்த வரிசையில் தேடுவது

குழந்தை தள்ளிப்போகும்போது மனைவி மட்டும் டாக்டரிடம் போவது இன்றும் சகஜம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, மறுபடி ஸ்கேன் என்று மாதங்கள் ஓடும். ஒரு வருடம் கழித்து யாரோ ஒருவர், "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பார். அதுவரை எடுத்திருக்கவே மாட்டார்கள். அப்படி வீணாகும் வருடத்தை மிச்சப்படுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் முதல் நோக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண் பக்கம், மூன்றில் ஒரு பங்கு ஆண் பக்கம். மீதியில் இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கும், அல்லது காரணமே பிடிபடாது. ஆகவே ஒருவரை மட்டும் சோதித்துக்கொண்டிருப்பது பாதி வேலைதான்.

ஒரு கரு தங்க ஐந்து விஷயங்கள் கூடிவர வேண்டும். முட்டை வெளிவர வேண்டும். நன்றாக ஓடக்கூடிய விந்தணுக்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். இரண்டும் சரியான நாளில் சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடமான கருக்குழாய் திறந்திருக்க வேண்டும். கடைசியாக, கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்க வேண்டும். எந்தத் தடை என்றாலும் இந்த ஐந்தில் எங்கோதான் இருக்கும். எளிதானதையும் வலியில்லாததையும் முதலில் பார்த்துவிட்டு, சிரமமானவற்றுக்கு அப்புறம் போவதுதான் சரியான வரிசை.

படி 1: உண்மையிலேயே தாமதமா என்று பாருங்கள்

எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் 20 முதல் 25 சதவீதம்தான். மூன்று நான்கு மாதம் எதுவும் நடக்கவில்லை என்றால் அது நோய் அல்ல, சாதாரணக் கணக்கு. நூறு தம்பதிகள் தொடர்ந்து முயன்றால் 80 பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாவது வருடத்தில் நடந்துவிடும். அதனால்தான் மருத்துவர்கள் 12 மாதத்தை எல்லையாக வைத்திருக்கிறார்கள். பெண்ணின் வயது 35 தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

இந்த ஒரு வருடத்தைத் திருமண நாளிலிருந்து எண்ணுவது தவறு. கருத்தடையை நிறுத்தி, சேர்ந்து வாழ்ந்து, வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது உறவு இருந்த மாதங்களைத்தான் எண்ண வேண்டும். வேலைக்காக இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்து மாதம் இரண்டு நாள் சந்திப்பவர்களுக்கு, இரண்டு வருடத் தாம்பத்தியம்கூடக் கணக்கில் சில மாதங்கள்தான்.

சிலர் ஒரு வருடம் பொறுக்கக் கூடாது. பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்கள், அல்லது வராதவர்கள். பீரியட்ஸ் வலியால் படுத்தே கிடப்பவர்கள். முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தங்கியவர்கள், அடிவயிற்றில் தொற்று வந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர்கள். ஆண்களில், சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்கள், விதைப்பையில் ஆபரேஷன் செய்தவர்கள், அம்மைக்கட்டு வந்து விதை வீங்கியவர்கள். இவர்கள் எல்லாரும் முயற்சி தொடங்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் குழந்தை சுலபமாகப் பிறந்ததால் இரண்டாவதும் அப்படியே என்று உறுதி இல்லை. நடுவில் வயது கூடியிருக்கும், எடை மாறியிருக்கும், பிரசவத்துக்குப் பின் தொற்று வந்திருக்கலாம். இரண்டாவது குழந்தைக்கும் இதே கால எல்லைதான், இதே தேடல்தான்.

படி 2: நாள் கணக்கைச் சரிபாருங்கள்

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும்தான் கருத்தரிக்கக்கூடிய காலம். முட்டை வந்த மறுநாள் முயன்றால் பெரும்பாலும் வண்டி போயிருக்கும்.

பலர் இடறுவது 14-ஆம் நாள் என்ற கணக்கில். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் இது 14-ஆம் நாளில் வரும். 35 நாள் சுழற்சி என்றால் 21-ஆம் நாளை ஒட்டி வரும். அவர் 14-ஆம் நாளை மட்டும் நம்பி இருந்தால், வருடம் முழுக்கத் தவறான வாரத்திலேயே முயன்றுகொண்டிருப்பார். செல்போன் ஆப் காட்டும் தேதியும் பழைய சுழற்சிகளை வைத்துப் போடும் ஊகம்தான்.

உடலே ஓர் அடையாளம் காட்டும். முட்டை வெளிவரும் நாள்கள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளக்கூடியதாக மாறும். சிறுநீரில் சோதிக்கும் ஓவுலேஷன் கிட்டில் கோடு விழுந்தால், பொதுவாக ஒன்று ஒன்றரை நாளுக்குள் முட்டை வரும் என்று அர்த்தம். ஆனால் பிசிஓஎஸ் (முட்டை சரியாக வெளிவராமல் தடுக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு இந்தக் கிட் பொய்யாகவும் கோடு காட்டும். காலையில் உடல் வெப்பத்தை அளப்பது முட்டை வந்து முடிந்ததைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது.

இதெல்லாம் தலைவலி என்றால், பீரியட்ஸ் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு வைத்துக்கொள்வது போதும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. நாள் குறித்து, அலாரம் வைத்து நடத்தினால் இருவருக்குமே அது கடமையாகிவிடும். விந்தைச் சேமித்து வைத்தால் பலம் கூடும் என்று பத்து நாள் விலகி இருப்பவர்களும் உண்டு. அதிக நாள் தேங்கினால் விந்தணுக்களின் ஓட்டம் குறையும், அவ்வளவுதான் பலன். உறவுக்குப் பின் கொஞ்சம் வெளியே வழிவது இயல்பு. காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டியதில்லை.

படி 3: யாரும் கேட்காத கேள்வி

உறவு முழுமையாக நடக்கிறதா? திருமணமாகிச் சில வருடங்கள் கழித்துச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில், இந்த இடத்திலேயே நின்றுபோனவர்கள் உண்டு. பெண்ணுக்கு உறவின்போது பிறப்புறுப்பின் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும் பிரச்சினை இருக்கலாம். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, படிப்படியான பயிற்சியால் இது நன்றாகவே குணமாகும். ஆணுக்கு விறைப்பில் சிக்கல் இருக்கலாம், உள்ளே விந்து வெளியேறாமல் போகலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு. வறட்சிக்காகப் பயன்படுத்தும் சில ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாமல் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

படி 4: விந்துப் பரிசோதனை, தள்ளிப்போடாமல்

மொத்தச் சோதனைகளிலும் எளிமையானது இது. ஊசி இல்லை, வலி இல்லை, ஒரே நாளில் முடிவு. இருந்தும் இதுதான் கடைசியில் நடக்கிறது. காரணம் வெட்கம். அதோடு, கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை) குறைவு என்றால் ஆண்மைக் குறைவு என்ற பயம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம், பார்வைக்கு விந்து வழக்கம்போலவே இருக்கும். சோதிக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சேகரிக்கும்போது முதல் சில துளிகள் தவறினால் சொல்லிவிடுங்கள், பெரும்பாலான அணுக்கள் அதில்தான் இருக்கும். வீட்டில் சேகரித்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே லேபில் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது.

ரிப்போர்ட்டைப் படிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுகள் உதவும். அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு. 96 சதவீதம் கோணலாக இருந்தாலும் அது நார்மல்தான். இந்த எண்கள் பாஸ், ஃபெயில் போடும் மதிப்பெண்களும் அல்ல. ஒரு வருடத்துக்குள் தந்தையானவர்களைச் சோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நின்ற கோட்டை எல்லையாக வைத்தார்கள். அதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய கவுண்டைக் கீழே இறக்கும். சிகரெட்டை இன்று நிறுத்தினால் பலன் அடுத்த மாதமே தெரியாது, மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

குறைவுக்குக் காரணங்கள் பல. விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் காணப்படுகிறது. கையால் தொட்டுப் பார்த்தே தெரியும் அளவு பெரிதாக இருந்து, கவுண்டும் குறைந்திருந்தால் ஆபரேஷன் உதவலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறியதை நோண்ட வேண்டாம். விதைகள் உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். உலை, அடுப்பு அருகே நாளெல்லாம் நிற்கும் வேலையும் வெந்நீர்த் தொட்டிக் குளியலும் அதைக் கெடுக்கும். புகை, மிதமிஞ்சிய மது, உடல் பருமன் மூன்றும் பட்டியலில் உண்டு.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடலை ஏற்ற ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசியும், சோர்வுக்கு என்று எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணு உற்பத்தியை அடியோடு நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று நினைத்துக் கருத்தரிக்க முயலும் காலத்திலேயே இதைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கவுண்ட் ஏற்றும் என்று விற்கப்படும் விலை உயர்ந்த சத்து மாத்திரைகள் குழந்தை பிறக்க உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

அணுவே இல்லை என்று வந்தால் அது முடிவான தீர்ப்பு அல்ல. பாதை அடைபட்டிருக்கிறதா, உற்பத்தியே நடக்கவில்லையா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஹார்மோன் சோதனை, குரோமோசோம் சோதனை, டாக்டர் கையால் செய்யும் பரிசோதனை ஆகியவை இதைச் சொல்லும். அடைப்பு என்றால் விதையிலிருந்து ஊசியால் அணுவை எடுத்து, இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். இந்த முறையில் கர்ப்பம் தரித்த முதல் செய்தி வெளியானது 1992-இல். உற்பத்திக் குறைபாட்டிலும் சிலருக்கு விதையின் உள்ளே ஆங்காங்கே அணு கிடைக்கிறது.

படி 5: முட்டை வெளிவருகிறதா

21 முதல் 35 நாளுக்குள் ஒழுங்காகப் பீரியட்ஸ் வந்தால் பெரும்பாலும் முட்டை வெளிவருகிறது. உறுதிசெய்ய, அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்ப்பார்கள். 21-ஆம் நாள் டெஸ்ட் என்று எழுதிக் கொடுப்பது 28 நாள் சுழற்சிக்கு. 35 நாள் சுழற்சியில் அதை 28-ஆம் நாள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டை நன்றாக வரும் பெண்ணுக்கும் வரவில்லை என்று முடிவு வரும்.

நாள் தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு முதல் சந்தேகம் பிசிஓஎஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது உண்டு. ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற சின்னச் சின்ன முட்டைப்பைகள். அவற்றை வெட்டி எடுக்கத் தேவையில்லை. ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டவும் கூடாது. ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் அதிகரித்த அறிகுறி (முகத்தில் முடி, பரு, ரத்தச் சோதனையில் உயர்வு), ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒழுங்காகப் பீரியட்ஸ் வந்து வேறு அறிகுறியும் இல்லாத பெண்கள், ஒரு ஸ்கேன் வரியைப் படித்துவிட்டு வருடக்கணக்கில் கவலைப்படுவது தேவையற்றது.

எடை அதிகமானவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வரத் தொடங்கும். 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தால் போதும், 55-க்கு வரத் தேவையில்லை. அதிலும் நடக்காவிட்டால் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை லெட்ரோசோல். கருத்தரிக்காமல் போவதற்கான காரணங்களில் நன்றாகச் சிகிச்சைக்கு மசிவது பிசிஓஎஸ் என்றே சொல்லலாம்.

எதிர்த்திசையிலும் சிக்கல் வரும். எடை மிகக் குறைந்தாலோ அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தாலோ மூளை முட்டைக்கான கட்டளையை நிறுத்திவிடும். தைராய்டு கோளாறும், தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கூடுவதும் முட்டையைத் தடுக்கும். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால் உடனே சொல்ல வேண்டும். இவை மாத்திரையிலேயே சரியாகக்கூடியவை.

படி 6: வயதின் கணக்கு

பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பருவமடையும்போது அது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். புதிதாக எதுவும் உருவாவதில்லை. 35-க்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் வேகமாக இறங்கும், குரோமோசோம் பிழை உள்ள முட்டைகள் கூடும். கருத்தரிப்பு குறைவதும் கருச்சிதைவு கூடுவதும் இதனால்தான். ஆணுக்கு இறக்கம் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

ஏ.எம்.எச் என்ற ரத்தச் சோதனை மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகக் காட்டும், தரத்தைக் காட்டாது. ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் டெஸ்ட் டியூப் முறை) செய்தால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது பயன்படும். மாதம் ஒரு முட்டை வெளிவரும் பெண்ணுக்கு, ஏ.எம்.எச் குறைவு என்ற ஒரே காரணத்தால் இயற்கையாகக் கருத்தரிக்காது என்று சொல்ல முடியாது. அந்த ஒரு எண்ணைக் காட்டி அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள்.

படி 7: கருக்குழாய்

முட்டையும் விந்தணுவும் சந்திப்பது கருப்பையில் அல்ல, கருக்குழாயில். கிளாமிடியா போன்ற பால்வினைத் தொற்று எந்த அறிகுறியும் காட்டாமல் குழாயை அடைத்துவிடும். கருப்பைக் காசநோய், வெடித்த குடல்வால், முந்தைய வயிற்று ஆபரேஷன்கள், எண்டோமெட்ரியோசிஸ் (அடுத்த படியில் விளக்கம்) ஆகியவையும் குழாயை ஒட்டவைத்துவிடும்.

இதைப் பார்க்கும் சோதனை எச்.எஸ்.ஜி. பீரியட்ஸ் நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன், கருப்பைக்குள் திரவம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பீரியட்ஸ் வலி போலச் சில நிமிடம் இழுக்கும். முன்னதாகவே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு என்று வந்தால் சில சமயம் அது தசை இறுகியதால் ஏற்பட்ட பொய்த் தோற்றம். குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். அந்த நீர் கருப்பைக்குள் வழிந்து ஐவிஎஃப் வெற்றியையும் வெகுவாகக் குறைக்கும், அதனால் முதலில் குழாயை நீக்கவோ கட்டவோ சொல்வார்கள்.

இரண்டு குழாய்களும் அடைபட்டால் ஒரு காலத்தில் வழியே இல்லை. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன்தான் உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை. அவருடைய தாய்க்கு இருந்த சிக்கல் இதேதான், குழாய் அடைப்பு.

படி 8: கருப்பையும் எண்டோமெட்ரியோசிஸும்

ஃபைப்ராய்டு கட்டி என்றதும் ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். கட்டி எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கருப்பையின் உள்ளறைக்குள் துருத்தினால் சிறியதும் தடைதான். வெளிச்சுவரில் இருந்தால் பெரியதும் பெரும்பாலும் தொந்தரவில்லை. உட்சுவரில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி), பிறவியிலேயே இருக்கும் தடுப்புச் சுவர், கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு உள்ளே ஒட்டிக்கொள்ளும் தழும்பு ஆகியவையும் காரணமாகலாம். கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள், பல பெண்களுக்கு அப்படித்தான்.

எண்டோமெட்ரியோசிஸ் உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்ந்து, ரத்தம் கசிந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சினைப்பையில் வந்தால் சாக்லேட் கட்டி என்பார்கள். பீரியட்ஸ் வலி எல்லாருக்கும் உள்ளதுதான் என்று சொல்லிச் சொல்லியே இது வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாத வலி இயல்பானது அல்ல. உறவின்போது ஆழத்தில் வலி, பீரியட்ஸ் நாள்களில் மலம் கழிக்கும்போது வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படி 9: எல்லாம் நார்மல் என்று வந்தால்

சோதனைகள் முடிந்தும் காரணம் தெரியாதவர்கள் 15 முதல் 30 சதவீதம் பேர். குறை இல்லை என்பதைவிட, இன்றைய சோதனைகளுக்குத் தட்டுப்படவில்லை என்பதே உண்மை. முட்டையின் தரம், அணு முட்டைக்குள் நுழைவது, கரு பதிவது போன்றவற்றைச் சாதாரணச் சோதனைகள் காட்டாது. வயது குறைவு, முயன்ற காலமும் குறைவு என்றால் இன்னும் சில மாதம் முயல்வது நியாயமான வழி. வயது 35 தாண்டியிருந்தால் ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) அல்லது ஐவிஎஃப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

மனதை லேசாக வைத்துக்கொண்டால் தானாக நடக்கும் என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. அன்றாட மன அழுத்தம்தான் குழந்தையின்மைக்குக் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குழந்தையின்மை மன அழுத்தத்தைத் தருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதற்குக் கவுன்சலிங் போவது நல்லதுதான், ஆனால் கவலைப்பட்டதால்தான் கரு தங்கவில்லை என்று ஒருவரையொருவர் குறைசொல்ல வேண்டாம்.

படி 10: டாக்டரிடம் போகும் நாள்

இருவரும் சேர்ந்து போங்கள். கடைசி ஆறு மாதப் பீரியட்ஸ் தேதிகள், இருவரும் சாப்பிடும் எல்லா மருந்துகளும் (நாட்டு மருந்து, ஜிம் பவுடர் உட்பட), முந்தைய ஆபரேஷன் குறிப்புகள், பழைய ரிப்போர்ட்டுகள் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய கருக்கலைப்பையோ தொற்றையோ துணைக்குத் தெரியாமல் சொல்ல வேண்டுமானால், தனியாகப் பேச நேரம் கேட்கலாம்.

எந்தச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் முன்னால் கேளுங்கள்: இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்? முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தச் சோதனை தேவையா? இந்தச் சிகிச்சையை எத்தனை மாதம் பார்ப்போம், அப்புறம் என்ன? மூன்றாவது கேள்வி முக்கியம், ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்காமல் இருக்க அதுதான் வழி.

காரணம் தேடும் இந்த மாதங்களிலேயே பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கலாம், குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுப்பதற்காக. சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ இருந்தால் அளவு கூடுதலாகத் தேவைப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போடவில்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள், ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.